இரவல் நாக்கு

ஜூன் 9, திங்கள்

முதலாளி இன்று என்னைக் கதவைச் சாத்தச் சொன்னார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அறைக் கதவை நான் உள்ளேயிருந்து சாத்தியது இதற்கு முன் இரண்டே தடவை. ஒன்று யூனியன் தகராறு. இன்னொன்று அவர் சம்சாரம் இறந்த அன்று, அவர் அழுவதற்காக.

"கொழந்தவேலு, எனக்கு வாசமே தெரியறதில்லப்பா" என்றார்.

சித்திரையில் வந்த காய்ச்சல் போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டதாம். குழம்பும் ஒன்றுதான், கஞ்சியும் ஒன்றுதான். மற்றவர்களுக்கு இது ஒரு தொந்தரவு. முதலாளிக்கு இது மானப் பிரச்சினை. கோயமுத்தூரில் பம்புசெட் கம்பெனி நடத்துகிற சென்னியப்பன் என்றால் நாற்பது பேருக்குத் தெரியும். விஸ்கிக்கு மார்க் போடுகிற சென்னியப்பன் என்றால் நானூறு பேருக்குத் தெரியும். ரேஸ்கோர்ஸ் வீட்டின் மாடியில் நூற்று நாற்பது பாட்டில்கள் இருக்கின்றன. மாதம் தவறாமல் இரண்டாம் சனிக்கிழமை கிளப்பில் ஆறு பாட்டில்களைப் பேப்பர் சுற்றி மறைத்து ஊற்றுவார்கள். இவர் முகர்ந்து, ருசித்து, நூற்றுக்கு இவ்வளவு என்று சொல்வார். அது கிளப் மலரில் அச்சாகும். போன மாதம் வெறும் நிறத்தைப் பார்த்து ஒப்பேற்றிவிட்டாராம்.

"ஆபீசுலயே உன்ற மூக்குதான் ஒசத்தி. வைண்டிங் செக்சன்ல காயில் கருகுனத புகை வர்றதுக்கு முன்னால கண்டுபுடிச்சவனாச்சே நீ. கொஞ்ச நாளைக்கு எனக்கு நாக்கக் கடன் குடு."

"நானு குடிக்கறதில்லீங்களே."

"அதனாலதான் கேக்கறேன். குடிக்காதவன் நாக்கு கழுவி வெச்ச சிலேட்டாட்ட இருக்கும். வாயில வெச்சுப் பாரு, துப்பீரு, எழுதிக் குடு. மூக்கு வந்ததும் நிறுத்திக்கலாம்."

குடிக்காதவன் என்பது எனக்குப் பட்டம் மாதிரி. பூங்கோதையின் அப்பா நாற்பத்து நான்கு வயதில் குடியால் போனவர். எனக்குப் பெண் கொடுக்கும்போது அவர்கள் வீட்டில் ஜாதகம்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. அவள் பெரியப்பா கம்பெனி கேட்டுக்கே வந்து வாட்ச்மேனிடம் "பையன் தண்ணி போடுவானுங்களா?" என்று மட்டும் விசாரித்துவிட்டுப் போனார். அந்த ஒரு பரீட்சையில் பாஸ் பண்ணித்தான் எனக்குக் கல்யாணமே ஆயிற்று.

முதலாளியிடம் முடியாது என்று இதுவரை சொன்னதில்லை. சரிங்க என்றேன். பூங்கோதையிடம் சொல்லவில்லை. துப்பப் போகிற விஷயத்தைச் சொல்வானேன்?

ஜூன் 10, செவ்வாய்

மூக்கு டாக்டர் ஒரு பயிற்சி சொல்லியிருக்கிறார். நாலு டப்பா: கிராம்பு, எலுமிச்சைத் தோல், கற்பூரம், காப்பித்தூள். தினம் காலை ஒன்பது மணிக்கு முதலாளி கண்ணை மூடிக்கொள்வார். நான் ஒவ்வொன்றாகத் திறந்து மூக்கடியில் பிடிக்க வேண்டும்.

"தெரியுதுங்களா?"

"ஒண்ணுமில்லப்பா."

நாலு தடவை ஒண்ணுமில்லப்பா. பிறகு மாடிக்குப் போனோம். ஒரு மூடி அளவு ஊற்றி, நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, முதலில் முகர வேண்டும். அப்புறம் வாயில் உருட்ட வேண்டும். தீக்குச்சியை விழுங்கின மாதிரி இருந்தது. வாஷ்பேசினில் துப்பினேன். மூன்று தடவை கொப்பளித்தேன்.

அமெரிக்கா. சோளம். கருகின வெல்லப்பாகு. புது பீரோ கடைக்குள் நுழைந்த வாசனை. 84.

84 நான் போட்டது. பாகு வாசனை நன்றாக இருந்தது. தீ மாதிரி எரிந்ததால் பதினாறு குறைத்தேன்.

ஜூன் 14, சனி

கிளப்பில் ஊற்றிக் கொடுக்கும் வேலையை முதலாளி எனக்கு வாங்கிக் கொடுத்திருந்தார். ஹாலுக்குப் பின்னால் ஒரு சின்னச் சமையலறை. அங்கே ஊற்றும்போதே ஆறையும் வாயில் வைத்துத் துப்பி, துண்டுச் சீட்டில் வரிசையாக எழுதி, தட்டை நானே கொண்டுபோய் அவர் முன் வைத்தேன். சீட்டு டம்ளருக்கு அடியில் போடும் அட்டைக்குக் கீழே. அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு பேச ஆரம்பித்தார். "இது ஜப்பான்காரன். முகந்தா ஊதுவத்தி ஏத்துன பூஜை ரூமாட்ட இருக்குது." கை தட்டினார்கள். என் வார்த்தைக்கு யாரும் கை தட்டி நான் கேட்டதில்லை. சமையலறையில் நின்றுகொண்டு நானே எனக்குச் சிரித்துக்கொண்டேன்.

ஜூன் 23, திங்கள்

கரண்ட் பில் கட்டினேன். முதலாளி கார் இன்சூரன்ஸ் புதுப்பித்தேன். என் மகள் மிருதுளாவின் ஹாஸ்டலுக்கு மெத்தை விரிப்பு பார்சல் அனுப்பினேன்.

ஸ்காட்லாந்து, தீவுச் சரக்கு: ஆஸ்பத்திரிப் பஞ்சு, கருவாட்டுக் கூடை, அணைந்த அடுப்பு. இதைக் காசு கொடுத்து வாங்குகிறார்களே என்றிருந்தது. பத்து நிமிஷம் கழித்து அணைந்த அடுப்பு மட்டும் வாயில் தங்கியது. அது நன்றாக இருந்தது. 79.

ஸ்காட்லாந்து, ஒயின் பீப்பாயில் ஊறினது: பழனி பஞ்சாமிர்தத்தில் திராட்சை மட்டும் பொறுக்கின மாதிரி. 90.

"இத்தன வருசம் இதைய நான் புரூட்டி, புரூட்டின்னு சொல்லீட்டு இருந்தேன். நீ சொன்னதுக்கப்புறந்தான் ஆமா, பஞ்சாமிர்தந்தானேன்னு தெரியுது" என்றார் முதலாளி. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஜூலை 12, சனி

மோசம் போனோம்.

சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் ஒரு ஜன்னல் புதிதாகத் திறந்திருக்கிறார்கள். தட்டுகளை அதன் வழியாகத் தள்ளினால் எதிர்ப்பக்கம் வெயிட்டர் அப்படியே வாங்கிக்கொண்டு போகிறான். என் இடது கைப்பக்கம் முதல் டம்ளர் என்று சீட்டு எழுதினேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அது வலது கைப்பக்கம் ஆகிவிடும் என்று எனக்கு உறைக்கவில்லை. ஆறு டம்ளரும் தலைகீழ்.

நம்மூர் மலிவுச் சரக்கைக் கையில் எடுத்து முதலாளி, "தீவுக்காத்து. அணஞ்ச அடுப்பு. தொண்ணூத்தி ரண்டு" என்கிறார். கருவாட்டு நாற்றம் குப்பென்று அடிக்கிற தீவுச் சரக்கை எடுத்து, "சக்கர ஆல வாசல்ல நிக்கறாப்பல இருக்குது. அறுவத்தி ஒண்ணு." நான் ஜன்னலுக்குப் பின்னால் வேர்த்து நின்றேன்.

ஒருத்தர், ஒரே ஒருத்தராவது சிரித்திருக்க வேண்டாமா? இருபது பேரும் மலிவுச் சரக்கை முகர்ந்து, "ஆமாமா, பொகை இருக்குது", "பின்னால வருதுங்க, மெதுவா வருதுங்க" என்று தலையாட்டினார்கள். ஸ்பின்னிங் மில்காரர் ஒருவர் கண்ணையே மூடிக்கொண்டார். வக்கீல் ராமபத்ரன் மட்டும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். முதலாளியை அல்ல, ஜன்னலை.

ஜூலை 14, திங்கள்

சொன்னபோது முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப எனக்கு மூக்கு இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதானா கொழந்தவேலு?" என்றார்.

இனித் தப்பு வரக்கூடாது என்று பழைய மார்க்குகளை எல்லாம் மறுபடி சரிபார்க்க ஆரம்பித்திருக்கிறேன். முதலாளி கேட்கவில்லை, நானாகத்தான். ஒரு வேலையை எடுத்தால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். இன்று ஒன்பது பாட்டில். துப்பினால் கடைசியில் தொண்டையில் வரும் ருசி தெரியாமல் போகிறது. அதற்காக அரை மூடி மட்டும் விழுங்கிப் பார்த்தேன்.

ஜூலை 29, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் புக் பண்ணினேன். சட்டையில் என்ன வாசனை என்று பூங்கோதை கேட்டாள். முதலாளிக்கு ஊற்றும்போது கொட்டிவிட்டது என்றேன். அவள் சட்டையை வாங்கி, முகராமல், நேராக வாளியில் போட்டாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. பூங்கோதையும் நானும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் பேரூர் படித்துறைக்குப் போனோம். கிளம்புவதற்கு முன் முதலாளி வீட்டு மோட்டார் ஓடுகிறதா என்று ஒரு நடை பார்த்துவிட்டு வந்தேன். புளிசாதம் பிரமாதம். போகும்போது பாதி வழி வரைக்கும் பேசிக்கொண்டே வந்தவள் அப்புறம் பேசவில்லை. வெயில் அதிகம்.

ஆகஸ்ட் 9, சனி

வக்கீல் ராமபத்ரன் புது ஏற்பாடு கொண்டுவந்துவிட்டார். ஜன்னல் வழியாக டம்ளர் வந்தால் இடம் மாறிவிடுகிறதாம். அதனால் இனி மேஜையிலேயே, எல்லோர் கண்ணெதிரிலும் ஊற்ற வேண்டும். முதலாளி முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. ஆனால் அவர் லேசுப்பட்டவரா? "என்ற செகரட்டரியப் பழக்கலாம்னு இருக்கறேன். பக்கத்துல ஒக்காந்து குறிப்பெடுக்கட்டும்" என்றார்.

ஆக, இருபது பெரிய மனிதர்களோடு நானும் மேஜையில். நான் ருசித்து நோட்டில் எழுதுவேன். அவர் ஓரக்கண்ணால் படித்துச் சொல்வார். ஒரே ஒரு சங்கடம். அங்கே யாரும் துப்புவதில்லை. அவ்வளவு விலை உயர்ந்த கம்பளத்தில் ஒரு எச்சில் கிண்ணம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஆறு டம்ளர். மார்க் எல்லாம் சரியாக இருந்தது என்று முதலாளி சொன்னார். வீட்டுக்கு ஆட்டோவில் வந்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தலைவலி. மாலை ஆறு மணிக்கு மாடி அறைக் கதவின் கைப்பிடி ஞாபகம் வந்தது. பித்தளை, உருண்டையாக இருக்கும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

சட்டை ஜோப்பில் நாலு கிராம்பு. பூங்கோதைதான் போட்டிருக்கிறாள். போன மாதம் கடைவாய்ப் பல் வலிக்கிறது என்றேன், அதை ஞாபகம் வைத்திருக்கிறாள். இந்த மாதிரி சமாச்சாரத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. மென்றுகொண்டே ஆபீஸ் போனேன்.

மிருதுளா அறையில்தான் காற்று நன்றாக வருகிறதாம். நேற்றிலிருந்து பூங்கோதை அங்கே படுக்கிறாள்.

செப்டம்பர் 5, வெள்ளி

இன்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு முதலாளியிடம் போனேன். டப்பாப் பயிற்சி முடிந்து, நாலு ஒண்ணுமில்லப்பாவும் ஆன பிறகு கேட்டேன்.

"இத்தோட நிறுத்திக்கலாமுங்களா?"

"ஏம்ப்பா, சலிச்சுப் போச்சா?"

"வீட்டுல தெரிஞ்சா நல்லா இருக்காதுங்க."

அவர் எலுமிச்சைத் தோல் டப்பாவை எடுத்து மூடினார். "கம்பெனிய பையன் பாத்துக்கறான். அவளும் போயிட்டா. என்னைய நாலு பேரு தேடி வர்றாங்கன்னா அது இந்த ஒரு சனிக்கெழமைக்குத்தான். இதுவும் போச்சுன்னா நான் வீட்டுல ஒக்காந்து செவுத்தப் பாக்கோணும். நவம்பர் வரைக்கும் இரு. நவம்பர்லயும் மூக்கு வராட்டி, எனக்கு ஒடம்பு செரியில்லைன்னு நானே நிறுத்திக்கறேன்."

கிழவர் கெஞ்சினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதட்டியிருந்தால் மறுத்திருப்பேன்.

சரிங்க என்றபோது மனசு கனத்திருக்க வேண்டும். கனக்கவில்லை. லேசாக இருந்தது. ஏன் என்று தெரியவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். பாட்டில்களைத் தூசி தட்டி இரண்டு நாளாகிவிட்டது.

செப்டம்பர் 26, வெள்ளி

முதலாளிக்கு என் மார்க்கில் குறை. "அயர்லாந்து தொண்ணூத்தி மூணு, தைவான் தொண்ணூத்தி நாலு, சக்கர ஆலைக்கும் தொண்ணூறா? ரிட்டயர் ஆகப்போற வாத்தியாரு பேப்பர் திருத்துனாப்பல இருக்குதப்பா."

வாஸ்தவம்தான். ஜூலையில் 61 வாங்கினதற்கு இப்போது 90 போட்டிருக்கிறேன். நாக்கு பக்குவப்பட்டிருக்கிறது என்று சொன்னேன். தைவானில் மாம்பழம் என்று எழுதியிருந்தேன். மறுபடி ருசித்தபோது மாம்பழம் வரவில்லை. இன்னொரு தடவை ருசித்தேன். அப்போதும் வரவில்லை. எதுவும் தனியாக வரவில்லை, சூடு மட்டும்தான் வந்தது. மாம்பழத்தை அடிக்காமல் விட்டுவிட்டேன்.

அக்டோபர் 2, வியாழன்

காந்தி ஜெயந்தி. விடுமுறை. ஒரு ஃபைல் தேட வேண்டியிருந்ததால் முதலாளி வீட்டுக்குப் போனேன். கிடைக்கவில்லை. மாலை வரை தேடினேன்.

அக்டோபர் 11, சனி

இப்போதெல்லாம் ஜோப்பில் எட்டு கிராம்பு இருக்கிறது. பல்வலி போய் வெகுநாளாகிவிட்டது என்று அவளிடம் சொல்ல மறந்துகொண்டே இருக்கிறேன்.

கிளப்பில் கைகழுவும் இடத்தில் வக்கீல் ராமபத்ரன் பக்கத்தில் வந்து நின்றார். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "ஜூன் மாசம் பூஜை ரூம்னு ஒண்ணு சொன்னீங்க பாருங்க, அது ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார்.

"சொன்னது முதலாளிங்க."

"சரி, அவர்தான். அந்த மாதிரி ஒரு வார்த்தையும் ரெண்டு மாசமா வரலீங்களே. எல்லாத்தையும் நல்லா இருக்குது, நல்லா இருக்குதுன்னே சொல்றார்." கையைத் துடைத்துக்கொண்டார். "நான் யார்கிட்டயும் பேசப் போறதில்ல, குழந்தைவேல். நாக்கு அருமையான நாக்கு. அதக் காப்பாத்திக்குங்க."

திரும்பி வந்து மேஜையில் உட்கார்ந்தேன். என் டம்ளரில் மிச்சம் இருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் பாதியில் எழுந்து போயிருந்தார். அவர் டம்ளரிலும் மிச்சம் இருந்தது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மிருதுளா வந்திருக்கிறாள். எண்ணெய்க் குளியல் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. சங்குசக்கரத்துக்குத் திரி பற்றவைக்கும்போது கை நடுங்கியது. ஊதுவத்தியை மிருதுளா வாங்கிக்கொண்டாள். "அப்பா, நீங்க ஒக்காருங்க" என்றாள். என் பக்கத்தில் வரப் போனவளைப் பூங்கோதை, "வடையப் புரட்டு கண்ணு, கருகப் போவுது" என்று உள்ளே கூப்பிட்டுக்கொண்டாள். அடுப்பில் அப்போது எண்ணெயே காயவில்லை.

புதுச் சட்டை ஜோப்பில் கைவிட்டுப் பார்த்தேன். ஒரு பிடி கிராம்பு.

அக்டோபர் 31, வெள்ளி

தண்ணீர் வரி கட்டினேன். காலையில் கொஞ்சம் எடுத்துக்கொண்டால் கை நடுங்குவதில்லை. மருந்து மாதிரி அளவாகத்தான்.

நவம்பர் 5, புதன்

எழுத வேண்டும். எழுதாமல் இருக்க முடியாது.

காலை ஒன்பது மணி. முதலாளி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நாலு டப்பாவையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குனிந்தேன். முதல் டப்பா மூடி இறுகியிருந்தது. வலது கை விரல்களுக்குப் பிடிமானம் கிடைக்கவில்லை. முக்கிக்கொண்டிருந்தேன்.

"கிராம்பு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஐந்து மாதமாக, ஞாயிறு தவிர்த்து, தினம் நாலு ஒண்ணுமில்லப்பா.

"கிராம்புதானே? சொல்லு, கிராம்புதானே?" கண்ணைத் திறக்கவில்லை. மூக்கை முன்னால் நீட்டி, கொஞ்சங்கொஞ்சமாக இழுத்தார். "இரு, பேசாத. அதுக்குப் பொறத்தால இன்னொண்ணு இருக்குது. சோளம். கருகுன வெல்லப்பாகு." மூடிய இமைக்கு நடுவிலிருந்து கண்ணீர் வழிந்து மீசையில் இறங்கியது. "நீ சொன்னியே, புது பீரோ கட... அதேதான். அமெரிக்காக்காரன். எம்பத்தி நாலு! வந்துருச்சு கொழந்தவேலு, மூக்கு வந்துருச்சு!"

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறந்தார். என் கையில் டப்பாக்கள் இருந்தன. நாலும் மூடியிருந்தன.

அவர் டப்பாக்களைப் பார்த்தார். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"காத்தாலயேவா?" என்றார்.

"துப்பீட்டேனுங்க."

இது வாயிலிருந்து தானாக வந்தது. ஜூன் மாதத்திலிருந்து தயாராக வைத்திருந்த பதில்.

"இன்னைக்குப் புதங்கெழமைப்பா. டேஸ்டிங் ஒண்ணுமில்லையே." அவர் என் கையை விடவில்லை. "அஞ்சு மாசமா பக்கத்துலயே ஒக்காந்துட்டு இருந்திருக்கறே. எனக்குத் தெரியல பாரு. மூக்கிருந்திருந்தா மொத நாளே தெரிஞ்சிருக்குமே. நான் பண்ணுன வேல இது."

மாடிக்குப் போய் அறையைப் பூட்டி, சாவியைத் தன் ஜோப்பில் போட்டுக்கொண்டு வந்தார். என்னிடம் இருந்த இன்னொரு சாவியையும் வாங்கிக்கொண்டார். "வீட்டுக்குப் போ. பூங்கோதைகிட்ட நான் வேண்ணா வந்து பேசறேன். உன்ற அந்த வேல முடிஞ்சுது."

செப்டம்பரில் நான் கேட்டது இந்த விடுதலையைத்தான். படியில் இறங்கும்போது எனக்கு அவர் மூக்கு ஞாபகம் இல்லை, மானம் ஞாபகம் இல்லை, பூங்கோதைகூட ஞாபகம் இல்லை. சாவி அவருடைய எந்த ஜோப்புக்குள் போனது, இடதா வலதா என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்படி யோசிக்கிறேன் என்று உறைத்தபோது கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். பயமாக இருந்தது. இப்போதும் பயமாக இருக்கிறது.

நவம்பர் 6, வியாழன்

முதலாளியை வரவிடவில்லை. நானே சொன்னேன்.

பூங்கோதை அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் ஜூனிலிருந்து ஆரம்பித்தேன். மூக்கு, நாக்கு, மூடி, கிளப் மேஜை. நடுவில் அவள் கத்தியைக் கீழே வைக்கவே இல்லை.

"தெரியுமுங்க" என்றாள்.

"எப்ப இருந்து?"

"ஆடிப்பெருக்கு அன்னைக்கு. ஸ்கூட்டர்ல பின்னால ஒக்காந்து வந்தேன்ல. காத்து உங்க மேல பட்டு எம்மேல வந்துச்சு."

"ஏன் கேக்கல?"

அவள் நார் உரித்த காயைக் கிண்ணத்தில் போட்டாள். "எங்கப்பா வெளிய கெளம்பறப்ப எங்கம்மா ஜோப்புல கிராம்பு போட்டு உடும். ஏழாவது படிக்கறப்ப இருந்து அது என்ற வேல. காத்தால எந்திரிச்சு அப்பா மொகத்தப் பாத்தா இன்னைக்கு நாலா, எட்டான்னு எனக்குத் தெரியும். உங்க சட்டைய மடிக்கறப்ப கை அதுவாவே டப்பாவுக்குப் போயிருச்சுங்க. போட்டதுக்கப்புறந்தான் நான் என்ன பண்ணுனேன்னு எனக்கே தெரிஞ்சுது. அப்புறம் நிறுத்த முடியல."

பல்வலிக்கு என்று நினைத்தேன் என்று எப்படிச் சொல்வது?

"ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாமயே எங்கப்பா செத்தாரு" என்றாள். "வாசம் வெளிய போவாம நாங்கதான் பாத்துக்கிட்டம். ஒரு ஆஸ்பத்திரிக்குக்கூடக் கூட்டீட்டுப் போவல. போனாத் தெரிஞ்சு போயிருமேன்னு." அப்போதுதான் அழுதாள். "நான் இனிப் போட மாட்டேனுங்க. நாறுனா நாறட்டும்."

நவம்பர் 8, சனி

இரண்டாம் சனிக்கிழமை. முதலாளி இன்று தன் மூக்கோடு தனியாகக் கிளப்புக்குப் போகிறார். நான் ஆஸ்பத்திரியில் குடிநோய்ப் பிரிவு வாசலில், பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

காலையில் குடித்தேன். போன மாதமே ஸ்கூட்டர் பெட்டியில் துணிக்கு அடியில் ஒரு கால் பாட்டில் வைத்திருந்தேன். அதை இந்த நோட்டில் நான் எழுதவில்லை. எந்த நாடு என்று பார்க்கவில்லை. மார்க் போடவில்லை. குடித்துவிட்டு, மிச்சத்தைப் பூங்கோதையிடம் கொடுத்தேன். ஒரேயடியாக நிறுத்தினால் உடம்புக்கு ஆபத்து, முதலில் வந்து காட்டுங்கள் என்று ஆஸ்பத்திரியில் போனில் சொன்னார்களாம். அவள் அதையும் விசாரித்து வைத்திருந்தாள்.

சட்டை போட்டதும் பழக்கத்தில் கை ஜோப்புக்குப் போனது. ஒன்றுமில்லை. தையல் மட்டும் விரலில் தட்டியது.

பஸ்ஸில் முன் இருக்கைப் பெண் திரும்பிப் பார்த்து முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள். தெரிந்தவர் ஒருவர் ஏறினார். என் பக்கத்தில் இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பூங்கோதை பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி கண்டக்டரிடம் ஆஸ்பத்திரிக்கு ரெண்டு டிக்கெட் என்றாள். இருபது வருஷத்துக்கு முன் அவள் பெரியப்பா எனக்கு வைத்த பரீட்சையில் நான் ஃபெயிலானது இன்றுதான் ஊருக்குத் தெரிந்தது.

உள்ளே போனால் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்பார்களாம். இந்த நோட்டை முழுவதும் புரட்டினேன். பாட்டில் பாட்டிலாக மார்க் இருக்கிறது. பஞ்சாமிர்தம், பூஜை அறை, பீரோ கடை எல்லாம் இருக்கிறது. ஜூலையில் எழுதின அந்த அரை மூடிக்குப் பிறகு எத்தனை மூடி என்று ஓர் இடத்திலும் இல்லை. நோட்டையே கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.

எங்கள் டோக்கன் முப்பத்தொன்று. இப்போது இருபத்தெட்டு போகிறது. எனக்கு இடப்பக்கம் ஒரு பெரிய ஸ்டாண்டு ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கிறது, வலப்பக்கம் பூங்கோதை. இங்கே வந்ததும், "ஃபேன் பக்கம் போய் ஒக்காரு, காத்து நேரா உம்மேல அடிக்கும்" என்று அவளிடம் சொன்னேன். எதிரே நாலு பெஞ்ச் காலியாகக் கிடக்கிறது. அவள் எழுந்திருக்கவில்லை. ஃபேன் காற்று என் மேல் பட்டு, அவள் மேல் போய்க்கொண்டிருக்கிறது.